கதவுக் கீலுக்கு மட்டும் சூரியகாந்தி எண்ணெய் வேண்டாம்
சூரியகாந்தி எண்ணெயால் சமையலைத் தவிர வீட்டில் வேறு என்னென்ன செய்யலாம் என்று நீங்கள் பதிவில் சொன்னதில் ஸ்டிக்கர் பசையை எடுக்கும் யோசனை அருமை. புது டப்பாவில் ஸ்டிக்கரைக் கிழித்த பிறகு கறுப்பாக அழுக்குப் பிடித்து நிற்குமே, அதில் நாலு சொட்டு விட்டு கால் மணி நேரம் ஊறவிட்டேன், அப்புறம் விரலால் தேய்த்தாலே உருண்டு உருண்டு வந்துவிட்டது. சோப்பு போட்டுக் கழுவினால் சரி.

ஆனால் கதவுக் கீலுக்கு அதையே விடச் சொன்னது தப்பு. முதல் நாள் சத்தமே இருக்காது, உண்மைதான். போகப்போகக் காற்றுப் பட்டுப் பிசின் மாதிரி இறுகி, தூசியையும் சேர்த்துக்கொண்டு, கதவு முன்னைவிட மோசமாக முனகும் (அடுப்புக்குப் பின்னால் சுவரில் எண்ணெய் மஞ்சளாக ஒட்டிக்கிடக்குமே, அதே கதைதான்). கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். கையில் ஒட்டிய ஆயில் பெயின்டுக்கு வேண்டுமானால் சூரியகாந்தி எண்ணெயைத் தாராளமாகத் தேயுங்கள், டர்பன்டைன் எரிச்சலாவது மிச்சம்.