மைக்குக்கா கோவப்பட்ட?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்த விஷயம் இது: ஊழியத்துல மென்டரிங், அதாவது மூத்தவங்க இளையவங்கள கூட இருந்து வளக்கறது, அதுல மனச யாரும் கண்டுக்கறதில்ல. ஊழியத்துல இருக்கிறவங்க, வாலிபர் கூட்டம் நடத்துறவங்க, சபையில ஏதோ ஒரு பொறுப்ப தலையில தூக்கி வெச்சிருக்கிறவங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க. நீளமா இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாலிபர் கூட்டம். செய்தி நான்தான். பாதியில மைக் செத்துப்போச்சு. சவுண்ட் பாத்துக்கிற தம்பி பேட்டரி மாத்த மறந்துட்டான், அவ்ளோதான் விஷயம், ஒரு நிமிஷ வேலை. ஆனா நான் அத்தன பேர் முன்னாடி "இத கூட பாக்க முடியாதா உனக்கு? அப்புறம் எதுக்கு வர்ற?"ன்னு கேட்டுட்டேன். சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா கூட பரவால்ல, அந்த தொனி இருக்கு பாருங்க, அது அதவிட மோசம். அவன் ஓடி வந்தான், மைக்கோட அடிமூடிய திருகி கழட்டும்போது கை நடுங்கி மூடி கீழ விழுந்து முன் வரிசை வரைக்கும் உருண்டுச்சு, குனிஞ்சு தேடி எடுத்துட்டு வந்து மாட்டிக் குடுத்துட்டு என் மூஞ்சிய பாக்காம போய்ட்டான். நான் தொண்டைய செருமிட்டு விட்ட இடத்துலருந்து பேச ஆரம்பிச்சேன். அன்னிக்கு தலைப்பு தேவனுடைய அன்பு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க.

கூட்டம் முடிஞ்சதும் வழக்கம் போல "நல்லா இருந்துச்சுண்ணா, கர்த்தர் பேசினார்ணா"ன்னு நாலு பேர் கை குடுத்தாங்க. ஒருத்தர் மட்டும் வரல. என்னவிட பத்து வயசுக்கு மேல மூத்தவர், நான் அண்ணன்னு கூப்பிடுறவர், பின்னாடி நாற்காலி அடுக்கிட்டு இருந்தார். நானும் போய் அடுக்க ஆரம்பிச்சேன். என்னை திரும்பி கூட பாக்காம கேட்டார், "மைக்குக்கா கோவப்பட்ட?" நான் "ஆமாண்ணே, எத்தன தடவ சொல்லிருக்கேன் இவங்கிட்ட, முன்னாடியே செக் பண்ணுடான்னு..."ன்னு இழுத்தேன். "சரி"ன்னுட்டு அடுத்த நாற்காலிய தூக்கினார். அவ்ளோதான். நீதிமொழிகள்ல கோபத்த பத்தி ஒரு வசனம் எடுத்து விடல, ஜெபம் பண்ணலாமான்னு கேக்கல. அந்த "சரி" இருக்கே, ரெண்டு வாரம் என்னை தூங்க விடல.

ரெண்டு வாரம் கழிச்சு நானே போன் பண்ணி சொன்னேன், அண்ணே மைக்குக்கு இல்லண்ணே. முன் வரிசையில ஒரு பெரிய ஊழியக்காரர் உக்காந்திருந்தார், அவர் முன்னாடி எல்லாம் பக்காவா போகணும்னு எனக்குள்ள ஒரு வெறி. மைக் நின்ன அந்த அஞ்சு செகண்டுல நான் ஊழியக்காரனாவே இல்ல, ரிப்போர்ட் கார்ட நீட்டிட்டு அப்பா மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாத்துட்டு நிக்கிற ஆறாங்கிளாஸ் பையன். அந்தப் பையனோட பயம்தான் கோவமா வேஷம் போட்டு வெளிய வந்துச்சு, அடி வாங்கினது சவுண்ட் தம்பி. இத சொல்லி முடிக்கும்போது எனக்கே குரல் உடைஞ்சிருச்சு. அவர் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் "வேற எங்கெல்லாம் அந்தப் பையன் வர்றான்?"னு கேட்டார். அன்னிக்குதான் எனக்கு மென்டரிங் ஆரம்பிச்சுச்சுன்னு நெனக்கிறேன், அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் நான் "மென்டரிங்"ல இருந்தேன் வேற.

அந்த பதினஞ்சு வருஷத்துல என்ன கத்துக்கிட்டேன்? நிறைய, பொய் சொல்லக்கூடாது. செய்தி எப்படி தயார் பண்றது, வேதபாடம் எப்படி எடுக்கறது, கமிட்டில எப்போ பேசணும் எப்போ வாய மூடணும், ஆராதனை எப்படி நடத்துறது. என்னை வளத்தவங்க நல்லவங்க. ஆனா ஒருத்தர் கூட உனக்கு எத பாத்தா பயம், யார பாத்தா பொறாமை, கடைசியா எப்ப அழுதன்னு கேட்டதில்ல. கேட்டதெல்லாம் "ஜெப ஜீவியம் எப்படி இருக்கு?" அதுக்கு எல்லாருக்கும் ஒரே ரெடிமேட் பதில், "இன்னும் அதிகமாகணும் அண்ணா." கேக்கறவருக்கும் திருப்தி, சொல்றவனுக்கும் தப்பிச்சோம்டா சாமின்னு இருக்கும்.

என்னோட கருத்து இதுதான், திட்டுறவங்க திட்டுங்க: வரம், அதாவது பேசுற பாடுற திறமை, சீக்கிரம் வளந்துடும், மனசு அந்த வேகத்துல வளராது, நம்ம மென்டரிங் முக்கால்வாசி வரத்துக்குத்தான் தண்ணி ஊத்துது. இருவத்திரெண்டு வயசுல ஒருத்தன் அருமையா பிரசங்கம் பண்ணினா உடனே மேடை, பொறுப்பு, "தலைவர்"னு பேரு. அவனுக்கு யாராவது "இல்ல"ன்னு சொன்னா எப்படி நடந்துக்கறான்னு யாரும் பாக்கறதில்ல. பக்கத்துல இன்னொருத்தன் அவனவிட நல்லா பாடினா அவன் முகம் எப்படி போகுதுன்னு பாக்கறதில்ல. சவுல் ராஜா கதை தெரியாதா என்ன? யுத்தத்துல ஜெயிச்சு வர்றப்போ பெண்கள் பாடின ஒரு பாட்டு, சவுல் கொன்னது ஆயிரம், தாவீது கொன்னது பதினாயிரம்னு. அந்த ஒரு வரிய மனுஷனால தாங்க முடியல. அபிஷேகம் வாங்கினவர்தான், தீர்க்கதரிசனம் சொன்னவர்தான். அந்த பொறாமைய எடுத்து வெச்சு பேச அவருக்கு ஒரு ஆள் இல்ல. அப்புறம் மிச்ச காலம் ஈட்டிய கையில வெச்சுட்டே உக்காந்திருந்தார்.

இப்ப சில பேர் கமென்ட்ல வருவீங்க, "இதெல்லாம் உலகத்து சைக்காலஜி பிரதர், நமக்கு ஆவியானவர் போதும்"னு. எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது தன் உணர்வையும் அடுத்தவங்க உணர்வையும் புரிஞ்சு நடந்துக்கற திறமை, அந்த வார்த்தைய சாலவே, மேயர்னு ரெண்டு பேர் 1990ல ஒரு ஆய்வுக் கட்டுரையில எழுதினாங்க, 1995ல கோல்மனோட புத்தகம் வந்தப்புறம் கம்பெனி கம்பெனியா பரவுச்சு, அது உண்மைதான். ஆனா அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே நம்ம கையில சங்கீத புத்தகம் இருந்துச்சே? அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு புலம்பல். 88ம் சங்கீதம் கடைசி வரைக்கும் ஒரு வெளிச்சமும் இல்லாம இருட்டுலயே முடியுது, அத யாரும் திருத்தி "ஆகிலும் கர்த்தர் நல்லவர்"னு ஒரு வரி சேத்து வைக்கல. நம்ம சாட்சி நேரத்துல ஒருத்தர் அப்படி முடிச்சா விடுவோமா சொல்லுங்க, மைக்க வாங்கி நாமளே முடிச்சு வெப்போம்.

தீர்க்கதரிசி எலியாவ எடுத்துக்கோங்க. கர்மேல்ல அக்கினி இறங்கின கையோட சூரைச்செடிக்கு கீழ உக்காந்து போதும் கர்த்தாவே, என் உயிர எடுத்துக்கோங்கன்றார். தேவன் என்ன பண்ணினார்? தூதன் வந்து தட்டி எழுப்பி சாப்பிட சொன்னான். சாப்ட்டு மறுபடி படுத்துட்டார். மறுபடி எழுப்பி சாப்பிட சொன்னான், பயணம் தூரம்னான். ஓரேப் மலையில "இங்கே உனக்கு என்ன காரியம்"ங்கற கேள்வி அதுக்கப்புறம்தான், அதுவும் ரெண்டு தடவ, எலியாவும் ரெண்டு தடவையும் அதே புலம்பல அப்படியே சொல்றார். தேவன் ஒரு தடவ கூட நடுவுல பேச்ச வெட்டல. கடைசியில புது வேலை குடுத்தார், கூடவே எலிசான்னு ஒரு ஆளையும் குடுத்தார். நாமளா இருந்தா நேரா அந்த வேலையில ஆரம்பிச்சிருப்போம்.

பவுல பத்தி நான் ரொம்ப லேட்டா கவனிச்ச ஒன்னு சொல்றேன். 2 கொரிந்தியர் 2ம் அதிகாரத்துல, துரோவாவுல ஊழியத்துக்கு கதவு திறந்திருந்தும் கொரிந்துலருந்து செய்தி கொண்டு வர வேண்டிய உடன் ஊழியர் தீத்துவ அங்க காணாததால ஆவிக்கு அமைதல் இல்லாம மக்கெதோனியாவுக்கு கிளம்பிட்டேன்னு எழுதறார். திறந்த கதவ விட்டுட்டு போறார்ங்க! தான் முன்னாடி எழுதின கடிதத்த கொரிந்து சபை எப்படி எடுத்துக்கிட்டாங்களோன்னு அந்த தவிப்பு. இத ஒரு பாஸ்டர் இன்னிக்கு மேடையில சொன்னா "விசுவாசக் குறைவு"ன்னு முடிச்சிருவோம். பவுல் அத கடிதத்துலயே எழுதி அந்த சபைக்கே அனுப்பினார். அதே கடிதத்துல 7ம் அதிகாரத்துல உள்ள பயங்கள் இருந்துச்சுன்னு சொல்லிட்டு, தீத்து வந்து சேந்ததுல தேவன் ஆறுதல் குடுத்தார்னும் எழுதறார். ஆறுதல் ஒரு மனுஷன் உருவத்துல கால்நடையா வந்துச்சு.

இதே பவுல் கோவக்காரர் வேற. முதல் ஊழியப் பயணத்துல மாற்கு பாதியில திரும்பி போனத மன்னிக்க முடியாம, பர்னபாவோட பிரிஞ்சே போற அளவுக்கு சண்டை. அந்த பர்னபா யாரு? எருசலேம்ல எல்லாரும் பவுல பாத்து பயந்து ஒதுங்கினப்போ கைய புடிச்சு கூட்டிட்டு போனவர், தர்சுவுக்கு தேடிப்போய் அந்தியோகியாவுக்கு கூட்டிட்டு வந்தவர். தனக்கு கிடைச்ச அதே ரெண்டாவது சான்ஸ மாற்குக்கு குடுக்க அன்னிக்கு பவுலுக்கு மனசு வரல. ஆனா கடைசி காலத்துல சிறையிலருந்து எழுதும்போது மாற்குவ கூட்டிட்டு வா, எனக்கு பிரயோஜனமானவன்னு எழுதறார். நடுவுல என்ன நடந்துச்சுன்னு வேதம் விவரமா சொல்லல. பவுலும் வளந்துருக்கார்னு நான் எடுத்துக்கறேன். அதே கடிதத்துல தீமோத்தேயுகிட்ட உன் கண்ணீர நெனச்சு உன்ன பாக்கணும்னு வாஞ்சையா இருக்குன்னும் சொல்றார். மென்டர்னா எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும்.

சபை சரித்திரத்துல எனக்கு ரொம்ப புடிச்ச ஜோடி ஜான் நியூட்டனும் வில்லியம் கூப்பரும். நியூட்டன் அடிமைக் கப்பல் கேப்டனா இருந்து அப்புறம் போதகரானவர், கூப்பர் கவிஞர். கூப்பருக்கு கடுமையான மன அழுத்தம், தேவன் தன்னை தள்ளிட்டார்னே நம்பினார், 1773ல தற்கொலை முயற்சி வரைக்கும் போனார். நியூட்டன் அவர தன் வீட்டுலயே ஒரு வருஷத்துக்கு மேல வெச்சு பாத்துக்கிட்டார். ஒரு வாரம் இல்ல, ஒரு உபவாச கூட்டம் இல்ல, ஒரு வருஷத்துக்கு மேல. ரெண்டு பேர் பாட்டும் சேந்து 1779ல புத்தகமா வந்துச்சு. கூப்பர் பூரணமா குணமாகல, 1800ல சாகிற வரைக்கும் அந்த இருட்டு அப்பப்ப திரும்ப வந்துச்சு. நியூட்டன் அத தன்னோட தோல்வியா எடுத்துட்டு விலகவும் இல்ல. நாம ஒரு தம்பிக்காக ரெண்டு மாசம் ஜெபிப்போம், அவன் மாறலன்னா "அவன் இருதயம் கடினம்"னு அவன் மேலயே தூக்கி போட்டுடுவோம்.

லண்டன்ல பெரிய பிரசங்கியா இருந்த ஸ்பர்ஜன சொல்லாம விட முடியாது. 1856 அக்டோபர்ல அவர் பேசிட்டு இருந்த அரங்கத்துல யாரோ தீ தீன்னு கத்தி, நெரிசல்ல ஏழு பேர் செத்தாங்க. அவருக்கு அப்ப வயசு 22. அதுக்கப்புறம் வாழ்க்கை பூரா அந்த சோர்வு அவர விட்டு முழுசா போகல. அத மறைக்காம தன் காலேஜ்ல படிச்ச ஊழியக்கார பசங்களுக்கு ஒரு பாடமாவே எடுத்தார், ஊழியக்காரனுக்கும் மனசு உடையும்னு. நம்ம ஆளுங்க ஸ்பர்ஜனோட பிரசங்கத்த கோட் பண்ணுவாங்க, இத மட்டும் கண்டுக்காம தாண்டிடுவாங்க.

மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி கதை வேற மாதிரி. 1742ல பிரிஸ்டல்ல ஒரு கட்டடக் கடன அடைக்க பன்னெண்டு பேருக்கு ஒருத்தர் போய் வாராவாரம் ஒரு பென்னி வசூல் பண்ணலாம்னு ஆரம்பிச்சாங்க. வீடு வீடா போனப்போ மக்கள் உண்மையிலயே எப்படி இருக்காங்கன்னு தெரிய வந்து, வசூல் குழு அப்படியே ஆத்தும விசாரிப்புக் குழுவா மாறிடுச்சு. அருமையான ஏற்பாடு. ஆனா அதே வெஸ்லியோட கல்யாண வாழ்க்கை படு மோசம், மனைவி விட்டுட்டு போற அளவுக்கு. அத்தன ஆயிரம் பேர விசாரிக்க ஆள் வெச்சவர அதே மாதிரி விடாம விசாரிக்க யார் இருந்தாங்கன்னு நான் அடிக்கடி யோசிப்பேன். மேல போகப் போக கேள்வி கேக்கிற ஆள் கொறைஞ்சுட்டே போறாங்க, மூத்த பாஸ்டர்கள் இத படிச்சா கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு யாருங்க இருக்காங்க? மோசேக்கு மாமனார் எத்திரோ இருந்தார், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல. தாவீது ராஜாவுக்கு அவர் பாவத்த நேரா சொல்ல நாத்தான் தீர்க்கதரிசி இருந்தார். நமக்கு இருக்கிறதெல்லாம் "ஆமென் பாஸ்டர்"தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும், இல்லன்னா பாதிதான் சொன்னதாகும். மனச திறன்னு சொல்லி உள்ளத வாங்கிட்டு அத வெச்சு ஆட்டிப் படைக்கிற "ஆவிக்குரிய தகப்பன்"களும் இருக்காங்க. எந்த வேலைக்கு போகணும், யார கட்டணும்னு வரைக்கும் அவர்தான் முடிவு பண்ணுவார், எதிர்த்து கேட்டா அபிஷேகம் பண்ணினவர தொடாதேன்னு வசனம் வரும். அது மென்டரிங்கே கிடையாது, ஓடிடுங்க. இன்னொன்னு, ஜெபக்குறிப்புங்கற பேர்ல நடக்கிற வம்பு. "இந்த தம்பிக்காக ஜெபிங்க, பாவம் உள்ளுக்குள்ள ஒரு போராட்டம், வெளிய சொல்லாதீங்க"ன்னு ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொல்லி, ஞாயித்துக்கிழமைக்குள்ள மொத்த சபைக்கும் தெரிஞ்சிருக்கும். ஒரு தடவ இப்படி அடிபட்டவன் அப்புறம் எவன்கிட்டயும் வாய திறக்க மாட்டான். தூக்கமே இல்ல, சாகணும் போல இருக்குன்னு ஒருத்தன் சொன்னா தனியா விடாம கூட இருங்க, அப்பவே டாக்டர்கிட்டயும் கூட்டிட்டு போங்க, உங்க பேர காப்பாத்த நீங்களே வெச்சு வைத்தியம் பாக்காதீங்க.

சவுண்ட் தம்பி கதைய முடிக்கல. அண்ணன்கிட்ட பேசின மறுநாள் அவன போய் பாத்தேன். "சாரிடா, அன்னிக்கு நான் பேசினது தப்பு"ன்னேன். நான் முடிக்கிறதுக்குள்ள "ஐயோ பரவால்லண்ணா"ன்னுட்டான். அந்த பரவால்லய எனக்கு நல்லா தெரியும், பதினஞ்சு வருஷம் நானே சொன்னதுதான். "இல்லடா, உண்மைய சொல்லு"ன்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருந்தேன், பேசாம இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது, வாய் தானா வசனத்துக்கு போகுது. ரொம்ப நேரம் கழிச்சு சொன்னான், "ரெண்டு வாரமா மைக்க தொடவே பயமா இருக்குண்ணா. வீட்லயும் இப்படித்தான் பேசுவாங்க, இங்க வந்தா இருக்காதுன்னு நெனச்சேன்."

அடுத்த கூட்டத்துல நான் பேச எந்திரிச்சப்போ அவன் மேடைக்கு பக்கத்துலயே நின்னுட்டு இருந்தான், சட்டை பாக்கெட்ல நாலு பேட்டரி. எல்லாரும் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான். எனக்கு சிரிப்பு வரல.