மஸ்த்ரோயானியும் ஆஸ்கரும்

மேலே ஒருவர் போட்ட பட்டியலில், 'எட்டரை' (8½) படத்துக்காக இத்தாலிய நடிகர் மார்செல்லோ மஸ்த்ரோயானி சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார் என்று எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்வதால் இந்தச் சின்னத் திருத்தம்.

1964 ஏப்ரலில் நடந்த விழாவில் இயக்குநர் ஃபெலினியின் அந்தப் படம் இரண்டு ஆஸ்கர் வென்றது உண்மைதான்: ஒன்று வெளிநாட்டு மொழிப் படத்துக்கு, இன்னொன்று பியரோ கெரார்தியின் ஆடை வடிவமைப்புக்கு. நடிப்புப் பிரிவில் அதற்குப் பரிந்துரைகூட இல்லை. அந்த ஆண்டு சிறந்த நடிகர் விருதைப் பெற்றவர் சிட்னி பாய்ட்டியர்.

மஸ்த்ரோயானி மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார், மூன்று முறையும் கிடைக்கவில்லை. 'டைவர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்', 'எ ஸ்பெஷல் டே', 'டார்க் ஐஸ்' ஆகியவை அந்தப் படங்கள். முதலாவதில் எண்ணெய் வழியப் படிய வாரிய தலையோடு, வாயோரத்தை அடிக்கடி சுண்டி இழுத்து 'ச்' கொட்டுவாரே, அதற்கே கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. பிரான்ஸின் கான் திரைப்பட விழா 1970இலும் 1987இலும் அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்க்க, ஆஸ்கர் அகாடமியின் சொந்தத் தளத்தில் இருக்கும் விருதுத் தரவுத்தளத்தில் அவர் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பரிந்துரைகள் ஆண்டுவாரியாக வரும்; வென்றவை தனியே குறிக்கப்பட்டிருக்கும். படத்தின் பெயரைப் போட்டும் தேடலாம். பதிவிட்டவர் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும், மற்றபடி நல்ல பட்டியல்.