ஒன்பது சாக் வாங்கியவனிடம் லீடர்ஷிப் கேட்கிற அண்ணன்மாருக்கு

2025 மெமோரியல் டே (மே கடைசித் திங்கட்கிழமை விடுமுறை) விருந்தில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் வாட்ஸ்அப்பில் மசாலா சேர்த்து வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையும் மறுபடி சொல்லப் போவதில்லை. யார் அந்த அண்ணன் என்று இன்பாக்ஸில் யாரும் கேட்க வேண்டாம். நான் கத்தினேன் என்று பேச்சு போகிறதாம். கொல்லைப்புறத்தில் முப்பது பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பதில் சொல்ல வேண்டுமென்றால் குரலைக் கொஞ்சம் உயர்த்தத்தான் வேண்டும்.

விஷயம் இவ்வளவுதான். நம் சிகாகோ பேர்ஸ் (அமெரிக்கக் கால்பந்து அணி) குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், கேலப் வில்லியம்ஸிடம் லீடர்ஷிப் இல்லையாம். கிரில்லில் சிக்கனை இடுக்கியால் திருப்பிப் போட்டுக்கொண்டே அண்ணன் சொன்னார்: "நெயில் பாலிஷ் போடுற பய. தோத்தா அம்மாகிட்டப் போயி அழுவுற பய. அவன நம்பி பத்துப் பேரு பின்னாடி போவானா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்ததில் பாதிப் பேர் பேர்ஸ் ஜெர்சி போட்டிருந்தார்கள், அதுதான் கொடுமை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை, இங்கேயும் கேட்டு வைக்கிறேன். 2024 நவம்பர் 10, நம் மைதானமான சோல்ஜர் ஃபீல்டில் பேட்ரியட்ஸ் அணியோடு ஆட்டம். கேலபை ஒன்பது முறை சாக் செய்தார்கள், அதாவது பந்தை எறியும் முன்பே பிடித்துக் கீழே தள்ளினார்கள். 19-3 என்று தோற்றோம். அன்றைக்கு அவனைக் காக்க முன்னால் நின்ற ஐந்து லைன்மேன்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் அவன் விரலில் என்ன நிறம் என்று தெரியும்.

ஒன்பது என்ற எண் இந்த அணிக்குப் புதிதில்லை. 2021 செப்டம்பரில் அப்போதைய நம் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் முதல்முறை ஆரம்பத்திலிருந்தே இறங்கிய ஆட்டம், கிளீவ்லாந்தில். ஒன்பது சாக். சாக்கில் பின்னால் போன தூரத்தைக் கழித்துப் பார்த்தால் அன்றைக்கு நாம் பந்தை எறிந்து முன்னேறியது மொத்தம் ஒரே ஒரு யார்டு. ஒரு யார்டு! இன்னும் பின்னால் போங்கள். 2010 அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அப்போதைய நம் குவார்ட்டர்பேக் ஜே கட்லரை முதல் பாதியிலேயே ஒன்பது முறை வீழ்த்தினார்கள். தலையில் அடிபட்டு இரண்டாம் பாதிக்கு அவர் வரவில்லை. மூன்று குவார்ட்டர்பேக்குகள், மூன்று கோச்சுகள், மூன்று ஜி.எம்.கள் (ஆட்களை எடுக்கும் ஜெனரல் மேனேஜர்கள்). எண் மட்டும் மாறவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் நாம் கொடுத்த சர்டிஃபிகேட்டும் மாறவில்லை: தலைமைப் பண்பு போதாது.

கட்லர் கதை ஞாபகம் இருக்கிறதா? 2011 ஜனவரி, சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்துக்கு முந்தைய என்.எஃப்.சி. சாம்பியன்ஷிப், அதுவும் நம் பரம எதிரி பேக்கர்ஸோடு. முழங்காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்தார். ஆட்டம் முடிவதற்குள் அவர் ஜெர்சியைக் கொளுத்தி வீடியோ போட ஆரம்பித்துவிட்டார்கள். வலி தாங்கத் தெரியாதவன், தலைவனே இல்லை என்றார்கள். அடுத்த நாள்தான் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது தெரிய வந்தது. மன்னிப்புக் கேட்டவர்களை நான் பார்க்கவில்லை.

சரி, அந்த அழுகைக்கு வருவோம். 2023 நவம்பரில் கேலப் ஆடிய யு.எஸ்.சி. பல்கலைக்கழக அணி வாஷிங்டன் பல்கலைக்கழக அணியிடம் 52-42 என்று தோற்றது. காலரிக்கு ஏறிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான். இருபத்தொரு வயதுப் பையன். அம்மா ஒரு அட்டையைப் பிடித்து கேமராவுக்கு அவன் முகத்தை மறைத்தார். அந்த அம்மாவின் தொழிலே நக அலங்காரம். அவன் நகத்துக்கு வண்ணம் பூசுவது எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? அம்மாவின் தொழிலை விரலில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருகிறான். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் நம் தொழிலைச் சொல்லவே யோசிக்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு கடுப்பு கிளம்பியிருக்கிறது. 2024 டிராஃப்டுக்கு (அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சி) முன்னால் அவன் அப்பா இந்த ஊருக்கு மகன் வராமல் தடுக்க வழி தேடினார், சிகாகோ குவார்ட்டர்பேக்குகள் சாகப் போகிற இடம் என்று சொன்னார் என்று ஒரு புத்தகத்தை வைத்து 2025 மே மாதம் செய்தி வந்தது. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குப் போகத்தான் ஆசைப்பட்டானாம். உடனே நம்மவர்களுக்கு ரோஷம். "நம்ம ஊர வேண்டான்னு சொன்னவன் எப்படி லீடர்?"

அப்பா சொன்னதில் எது பொய் என்று யாராவது சொல்லுங்கள். இந்த அணியின் வரலாற்றில் ஒரு சீசனில் 4,000 யார்டு எறிந்த குவார்ட்டர்பேக் ஒருவர்கூட இல்லை. 32 அணிகளில் இந்தப் பெருமை நமக்கு மட்டும்தான் உண்டு. 2017 டிராஃப்டில் மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏற மேற்கொண்டு மூன்று பிக்குகளை (தேர்வு வாய்ப்புகளை) தூக்கிக் கொடுத்து மிட்ச் டுரூபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தோம். பத்தாவது இடத்தில், பின்னாளில் பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வேறு அணிக்குப் போனார். இதெல்லாம் தெரிந்த ஒரு அப்பா பயப்படாமல் மாலை போட்டு அனுப்பி வைப்பாரா? குவார்ட்டர்பேக் ஜான் எல்வே 1983-ல் பால்டிமோருக்கு ஆட மாட்டேன் என்றார். ஈலை மானிங் 2004-ல் சான் டியேகோ வேண்டாம் என்று நியூயார்க் போனார், அதிலும் அவர் அப்பாவுக்குப் பங்கு உண்டு. இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு சூப்பர் பவுல். அவர்கள் லீடர்கள். இவன் மட்டும் திமிர் பிடித்தவன். இத்தனைக்கும் இவன் கடைசியில் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, வந்தான், ஆடினான். ஊரை வந்து பார்த்த பிறகு இங்கேதான் வர வேண்டும் என்று முடிவெடுத்ததாக நிருபர்களிடமும் சொல்லிவிட்டான்.

"பந்தைக் கையில் ரொம்ப நேரம் வைத்திருக்கிறான், பாதி சாக் அவன் தப்பு" என்று ஒரு வாதம் வரும். வைத்திருக்கிறான்தான். அது அவன் முதல் வருடம், கற்றுக்கொள்வான். அதற்காக அந்த சீசனின் 68 சாக்கையும் அவன் தலையிலேயே கட்டினால் எப்படி? பேட்ரியட்ஸ் ஆட்டம் முடிந்து இரண்டே நாளில் ஆஃபென்ஸ் கோச்சை அனுப்பினார்கள். தேங்ஸ்கிவிங் அன்று டெட்ராய்ட்டில் அரை நிமிடம் பாக்கி, கடிகாரத்தை நிறுத்த பையில் ஒரு டைம் அவுட், அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்ற தலைமைக் கோச்சை மறுநாள் அனுப்பினார்கள். சீசன் நடுவில் தலைமைக் கோச்சை நீக்கியது இந்த அணி வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. பந்தலும் போடாமல் பந்தியும் போடாமல், மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்கவில்லை என்று குறை சொல்கிற கதை இது.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது, அதே டிராஃப்டில் வாஷிங்டன் அணி எடுத்த குவார்ட்டர்பேக் ஜெய்டன் டேனியல்ஸின் கோஷ்டி. அவரை எடுத்திருக்க வேண்டுமாம். நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. கடைசி விநாடியில் நம்மை 18-15 என்று வீழ்த்திய அந்த ஹெயில் மேரி, அதாவது கடைசி நம்பிக்கையாக எறிகிற நீண்ட பந்து, எறிந்ததும் அவர்தான். ஆனால் அந்தக் கடைசி விநாடிகளில் பந்தைப் பார்க்காமல் காலரியைப் பார்த்து வம்பிழுத்துக்கொண்டிருந்தது, தடுக்க வேண்டிய நம் கார்னர்பேக். கேலப் அப்போது ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தோல்வியையும் அவன் கணக்கில் எழுதுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

சரி, நிஜமாகவே லீடர்ஷிப்தான் நோய் என்றால் ஜி.எம். ரயன் போல்ஸ் 2025 மார்ச்சில் என்ன மருந்து வாங்கினார் என்று பாருங்கள். ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், டிரூ டால்மன். குவார்ட்டர்பேக்கைக் காக்கிற லைனில் இரண்டு கார்டு, ஒரு சென்டர். நடு வரிசை மூன்று பேரையும் ஒரே மாதத்தில் மாற்றினார். டிராஃப்டில் பத்தாவது பிக்கில் டைட் எண்ட் (பந்தைப் பிடிக்கவும் எதிரியைத் தடுக்கவும் செய்கிறவர்) கோல்ஸ்டன் லவ்லாண்ட், இரண்டாவது ரவுண்டில் பந்தைப் பிடிக்கும் ஒரு ரிசீவர், லைனுக்கு ஒரு டேக்கிள். எனக்கே லவ்லாண்ட் மேல் முழு திருப்தி இல்லை, அங்கே இன்னொரு லைன்மேனை எடுத்திருக்கலாம். ஆனால் நோய் எங்கே என்று அணிக்குத் தெரிந்துவிட்டது. நமக்குத்தான் இன்னும் நகத்தைத் தாண்டிக் கண் போகவில்லை. 2024 டிராஃப்டின் நான்காவது ரவுண்டில் லைன்மேனை விட்டுவிட்டு ஒரு பண்டரை (பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்புகிறவரை) எடுத்தார்களே, அதற்கு யாராவது போல்ஸிடம் லீடர்ஷிப் இல்லை என்றீர்களா?

இதையெல்லாம் நான் திங்கட்கிழமையே சொல்லியிருப்பேன். சொல்ல விடவில்லை. நான் தூனி பெயரை எடுத்ததும் அண்ணன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, உனக்கும் அதே கேஸ்தானே. ஆபீஸ்ல லீடர்ஷிப் இல்லன்னு ஓரங்கட்டிட்டாங்க. அதான் அவனுக்கு வலிச்சா உனக்கு வலிக்குது."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில் எங்கள் டீமில் ஆள் குறைத்தார்கள், வேலை குறையவில்லை. இரவில் போன் வந்தால் எடுத்தது நான். ரிலீஸ் நாளில் விடியற்காலை வரை உட்கார்ந்ததும் நான். ரெவ்யூவில் மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னார்: வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒரு ரூமுக்குள் நுழைந்தால் தலைவன் வந்திருக்கிறான் என்று தோன்ற வேண்டும், அது உங்களிடம் இல்லை. பதவி, நன்றாகச் சத்தம் போடத் தெரிந்த ஒருவருக்குப் போனது. அவருக்கு முதல் மாதமே இரண்டு பேரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். நான் எத்தனையோ தடவை கேட்டுக் கிடைக்காத அதே இரண்டு பேர்.

இதை அண்ணனிடம் ஒரு குளிர்கால இரவில், லெமான்ட் கோயிலிலிருந்து திரும்பும்போது காரில் நான்தான் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னது. அதைக் கோழிக்காலோடு சேர்த்து எல்லார் தட்டிலும் வைப்பார் என்று நினைக்கவில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு என்று சிலர் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என் ஆபீஸ் கதை இல்லாவிட்டாலும் 68 சாக் 68 சாக்தான். அவன் 17 ஆட்டத்திலும் முதல் ஆளாக இறங்கினான் என்பதும், தொடர்ந்து 353 பாஸ் எதிரணி கையில் ஒன்றுகூடச் சிக்காமல் எறிந்து புதுமுகங்களில் சாதனை வைத்தான் என்பதும், பத்து ஆட்டம் வரிசையாகத் தோற்ற பிறகும் கடைசி வாரம் லாம்போ மைதானத்தில் பேக்கர்ஸை 24-22 என்று முடித்துக் கொடுத்தான் என்பதும் என் ரெவ்யூவை வைத்து மாறாது. ஆட்கள் கொடுக்காமல் ஒருவனை நிற்க வைத்துவிட்டு, விழுந்ததும் உனக்கு நிற்கத் தெரியவில்லை என்கிறார்களே, அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை. ஆபீஸிலும் வராது, சோல்ஜர் ஃபீல்டிலும் வராது, யார் வீட்டுத் தோட்டத்திலும் வராது.

2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை இரவு, முதல் ஆட்டம். அவன் போக ஆசைப்பட்டதாகச் சொல்கிறார்களே, அதே வைக்கிங்ஸோடுதான். எங்கள் வீட்டில் போடுகிறோம், வருகிறவர்கள் வரலாம், சாப்பாடு உண்டு. அண்ணனும் வரலாம். லவ்லாண்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும், நானும் சேர்ந்து திட்டுகிறேன். காரில் பேசியதை மட்டும் காரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.