ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு யார் பொறுப்பு?

நாற்பதைத் தாண்டிய ஆண்கள் நிறையப் பேர் சனி, ஞாயிறில் விளையாடக் கிளம்பிவிட்டார்கள். நல்லதுதான். சுகர் வந்தவர், வரப்போகிறது என்று டாக்டர் மிரட்டியவர், பேன்ட் கொக்கி மாட்டாமல் போனவர், பையனிடம் கேலி வாங்கியவர் என்று ஆளுக்கொரு காரணம். திருச்சியில் எங்கள் பக்கம் காலியாகக் கிடந்த மனைகளில் தகரக் கூரை போட்டு ஷட்டில் கோர்ட் வந்துவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணி ஸ்லாட்டுக்கு அடிதடி. ஆட்டம் முடிந்ததும் டீக்கடை. அங்கே அரசியல், கிரிக்கெட், பையனை எந்தக் கோச்சிங் சென்டரில் சேர்ப்பது என்கிற விசாரணை. ஒன்பதரைக்கு வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக் கழற்றும்போதே கேள்வி வரும்: "டிபன் என்ன?"

இந்தக் கேள்வியில்தான் எனக்குப் பிரச்சினை.

விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை. அதே கோர்ட்டில் நானும் ஆடுகிறேன். பள்ளியில் டென்னிகாய்ட், த்ரோபால் இரண்டும் ஆடியவள். காலேஜ் முடிந்தது, கல்யாணம் ஆனது, அதோடு சரி. வீட்டுக்காரர் குழுவில் டபுள்ஸுக்கு நாலாவது ஆள் வராத ஒரு நாள் "சும்மா நில்லு, வர்ற ஷட்டிலைத் திருப்பி விடு போதும்" என்று கூப்பிட்டார்கள். நின்றவள் அப்புறம் நகரவில்லை. இப்போது எங்கள் தெருவிலிருந்தே பெண்கள் ஒரு செட் சேர்ந்துவிட்டோம்.

உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இந்தக் குழுக்களில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கோர்ட் வாடகை தலைக்கு எவ்வளவு, ஷட்டில் எவ்வளவு, யார் போன மாதம் தரவில்லை, எல்லாம் வாட்ஸப்பில் வந்துவிடும். இறகு ஷட்டில் விலை ஏறியதிலிருந்து புலம்பல் வேறு. ஒரு ஷட்டிலில் 16 இறகு. அதில் ஒன்று ஒடிந்தாலும் பறக்கிற திசை கோணிவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த ஒடிந்த இறகுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. இவர்கள் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டில் ஒருத்தி கொத்தமல்லி ஆய்ந்து, சட்னி அரைத்து, மத்தியானக் கறிக்குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாளே, அது எந்த எக்செல் ஷீட்டிலும் ஏறுவதில்லை.

மத்திய அரசு அந்தக் கணக்கை எடுத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதாவது வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட சராசரிதான் அந்த 88. அதே 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம் என்றது. நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள்தான் உடலுழைப்புக் கணக்கில் பின்தங்கி இருக்கிறார்கள்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மியில் அரைத்து, கிணற்றில் இறைத்து, உரலில் இடித்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சமையல் என்பது அடுப்பு முன்னால் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது. முட்டி வலிக்கும், இடுப்பு பிடிக்கும், மூச்சு மட்டும் வாங்காது. டாக்டர் செய்யச் சொல்வது மூச்சு வாங்குகிற வேலையை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதிலும் எங்கள் வயசுப் பெண்களுக்கு இது ஆசைக்குச் செய்கிற காரியம் இல்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எலும்புக்குத் தேவையானது உடம்பின் எடையைத் தாங்கி நிற்கிற, ஓடுகிற, குதிக்கிற வேலை. கால்சியம் மாத்திரையை டப்பாவில் மறக்காமல் எடுத்து வைக்கிற வீட்டில், ஒரு மணி நேரம் குதித்துவிட்டு வா என்று யாரும் அனுப்புவதில்லை.

வாரம் முழுக்க ஆபீஸ், சனி ஞாயிறில் மட்டும் ஆடினால் பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 40 வயதைத் தாண்டிய 63,000க்கும் அதிகமானவர்களின் விவரங்களை வைத்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்தில் ஓரிரு நாளில் மொத்தப் பயிற்சியையும் முடித்தவர்களுக்கும், ஒன்றுமே செய்யாதவர்களைவிட மரண அபாயம் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஆறாம் நாள் வார்ம்-அப் இல்லாமல் கோர்ட்டில் பாய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். எங்கள் கோர்ட்டில் ஓர் அண்ணன், நெட் பக்கம் ஒரு டிராப்பை எடுக்க ஓடியவர், சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ ராக்கெட்டால் குதிகாலில் அடித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். பின்னால் யாருமே இல்லை. குதிகாலுக்கு மேலே இருக்கிற கெட்டியான நாண் அறுந்துவிட்டது. ஆபரேஷன், மாதக்கணக்கில் ஓய்வு. பத்து நிமிடம் கை காலை உதறுவதற்குச் சோம்பல் படாதீர்கள். வழுக்காத நான்-மார்க்கிங் ஷூ வாங்குங்கள். வாக்கிங் ஷூவோடு ஷட்டில் ஆட வராதீர்கள்.

சரி, டிபனுக்கு வருகிறேன். நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். சனிக்கிழமை காலை ஸ்லாட் பெண்களுக்கு. அன்றைக்கு வீட்டைப் பார்த்துக்கொள்வது ஆண்கள் பொறுப்பு. அது என்ன டிபன் என்று நாங்கள் கேட்பதில்லை, பெரும்பாலும் பிரெட்டும் ஆம்லெட்டும்தான். ஞாயிறு மிக்ஸ்டு டபுள்ஸ். ஞாயிறு காலை எந்த வீட்டிலும் அடுப்பு பற்ற வைப்பதில்லை. மெஸ்ஸில் பொங்கல், வடை பார்சல். அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் எல்லா வீட்டிலும் ஆண்கள் சொன்னார்கள். என் மாமியார் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வடை சூடா இருக்குமா?"

மிக்ஸ்டு டபுள்ஸ் என்றதும் சில அண்ணன்மார்களுக்கு முகம் சுருங்கியது உண்மை. ஆட்டத்தின் தரம் குறைந்துவிடுமாம். கேம் பாயின்ட்டில் எதிர்ப்பக்கப் பெண்ணின் மேலேயே பார்த்து ஸ்மாஷ் அடிக்கிறவர்கள் தரத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

இதில் நான் எதிர்பார்க்காதது நண்பர்கள். 'ஃபேமிலி ஃப்ரெண்ட்ஸ்' என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டதெல்லாம் அவருடைய நண்பர்களும் அவர்களுடைய மனைவிகளும்தான். எனக்கென்று இருந்த தோழிகள் ஆளுக்கொரு ஊருக்குப் போய், பிறந்தநாள் ஸ்டிக்கர் அனுப்புகிற அளவில் நின்றுவிட்டார்கள். கோர்ட்டில் பிடித்த நட்பு வேறு மாதிரி. அங்கே நான் இன்னாரின் மனைவியோ இன்னாரின் அம்மாவோ இல்லை. பேக்ஹேண்ட் வராத அக்கா. அவ்வளவுதான்.

பயணத்திலும் இதே கதைதான். குடும்பங்கள் சேர்ந்து முக்கொம்பு போனாலும் கல்லணை போனாலும், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவது பெண்கள். அங்கே போய்ப் பரிமாறுவதும், ராத்திரி திரும்பி வந்து தூக்குவாளியைத் தேய்ப்பதும் அவர்களே. அப்பாக்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு "நல்ல ரிலாக்ஸ்" என்பார்கள். ஆகவே எங்கள் குழுவில் புதுச் சட்டம்: ஊர் சுற்றப் போனால் சமைத்து எடுத்துப் போவது கிடையாது. போகிற வழியில் கிடைப்பதைச் சாப்பிடுவோம்.

அப்படித்தான் கொல்லிமலை போனோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் வேனில் பேச்சே இல்லை; எல்லார் கையிலும் எலுமிச்சம்பழம். அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேல் படிகள், சில இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. இறங்கும்போது எல்லாரும் வீரர்கள். ஏறும்போதுதான் யார் யார் வாரா வாரம் ஆடுகிறார்கள் என்று தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான், அவனுடைய அம்மா அவன் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு மேலே போனாள். மூச்சு வாங்கத்தான் செய்தது, ஆனால் நிற்கவில்லை. மேலே வந்து அன்னாசிப் பழத்தில் மிளகாய்ப்பொடி தூவி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவனுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தாள். யாரும் புளியோதரையைக் கேட்கவில்லை.

இதையெல்லாம் பெரிய புரட்சி என்று சொல்லவில்லை. மெஸ் சாப்பாட்டுக்குக் காசு ஆகிறது. எல்லா வீட்டுக்கும் அது கட்டுப்படியாகாது, எனக்குத் தெரியும். கட்டுப்படியாகாத வீட்டில் சனிக்கிழமை ராத்திரியே ஊற்றி வைத்த தண்ணீர்ச் சோறும் ஊறுகாயும் போதும். அல்லது ஷட்டில் பையைத் தூக்குகிற கை கொஞ்சம் முன்னால் எழுந்து இட்லி ஊற்றலாம். மாவு ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.

அடுத்த பயணத்துக்கு இப்போது குழுவில் சண்டை. ஆண்கள் கொடைக்கானல் என்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் எடுக்க வேண்டும், வார இறுதியில் போனால் பாதி நாள் டிராஃபிக்கில். துறையூர் வழியாகப் பச்சைமலை போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம், மறுநாள் காலை ஸ்லாட்டும் தப்பாது என்பது எங்கள் கட்சி. வாட்ஸப்பில் வாக்கெடுப்பு போட்டிருக்கிறோம். நம் குழுவில் இருந்துகொண்டு இந்தப் பதிவுக்கு லைக் மட்டும் போடுகிற அண்ணன்மார்கள் அங்கேயும் போய் ஓட்டைப் போடுங்கள், வேனுக்குச் சொல்ல வேண்டும்.