முதலில் பத்திரம், அப்புறம் வசூல்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து ஊர்த் தம்பிகள் பள்ளிப் பிள்ளைகளுக்காக அறக்கட்டளை தொடங்குகிறார்கள். நல்ல காரியம், அதே மாதிரி ஓர் அறக்கட்டளையை ஏற்கெனவே பதிந்து நடத்தும் நாங்கள் வாழ்த்தத்தான் போயிருந்தோம். மேடையில் பேசியவர் எங்கள் பக்கம் கையைக் காட்டி, "இவங்க மாதிரி பேப்பரைத் தூக்கிக்கிட்டு வருஷக்கணக்கா அலைய மாட்டோம், இன்னைக்கே ஆரம்பிச்சுட்டோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்குப் பின்னால் இருந்த ஃபிளெக்ஸில் ஒரு தனி ஆளின் ஜிபே எண்.

அவர் பேச்சு வலித்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஊர்ப் பணத்தைத் தனி ஆள் கணக்கில் வாங்காதீர்கள். அந்தத் தம்பி யோக்கியமானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வங்கிக்கு அது அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கு. நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் வாரிசுகளுக்குப் போகும். வருமான வரியில் கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கொடுத்தவருக்கு வரிவிலக்கு ரசீதும் கிடைக்காது. கல்யாண மொய்யைக்கூட நோட்டுப் போட்டு எழுதி வாங்குகிற ஊர் இது. பிள்ளைகளின் படிப்புக் காசுக்கு அந்த அளவு முறைகூட வேண்டாமா?

நாங்கள் ஏன் அலைந்தோம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். முதலில் எழுதிய அறக்கட்டளைப் பத்திர வரைவில் இரண்டு தப்பு. "நம் சமூகத்துப் பிள்ளைகளின் கல்விக்காக" என்று நோக்கத்தில் எழுதிவிட்டோம். ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று இருந்தால் வரிவிலக்கு வராது. சட்டம் கிடக்கட்டும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? இரண்டாவது, அறக்கட்டளையைக் கலைத்தால் சொத்து யாருக்கு என்ற பிரிவே இல்லை. இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குத்தான் போகும், நிறுவனருக்கோ அறங்காவலர்களுக்கோ திரும்பாது என்று தெளிவாக எழுத வேண்டும். பதிவு முடிந்த பிறகு கண்டுபிடித்தால் திருத்தப் பத்திரம், மறுபடி கட்டணம், மறுபடி எல்லோரும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகம்.

பதிவுக்கு நிறுவனர், அறங்காவலர்கள், இரண்டு சாட்சிகள், எல்லோருடைய அடையாளச் சான்றும் வேண்டும். அலுவலக முகவரிக்கு வீட்டு வரி ரசீதும் வீட்டுக்காரர் சம்மதக் கடிதமும் வேண்டும். அதன்பின் அறக்கட்டளையின் பெயரிலேயே பான் அட்டை, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கக்கூடிய கணக்கு. பிறகு வருமான வரித் துறையில் 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக் கழிவு) பதிவு. நாங்கள் பதிந்தபோது இருந்த 1961 வருமான வரிச் சட்டப்படி, படிவம் 10ஏ போட்டால் 3 ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு. அதை முறையான பதிவாக்க 10ஏபி, அதற்குத் தனிக் கெடு. கெடு தவறினால் அவ்வளவு உழைப்பும் போச்சு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குக் கழிவு இல்லை. நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் தளத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும். அவர் கேலி செய்த பேப்பர் இதுதான்.

"பத்தாயிரம் வசூலுக்கு இவ்வளவா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றால் பணமே வாங்காதீர்கள். கொடுப்பவர் கடைக்காரருக்கே நேரடியாகக் கட்டட்டும், பொருளைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேட்டுக் கொடுங்கள். அறக்கட்டளை என்று பெயர் வைத்து வருஷா வருஷம் வசூலிக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் பத்திரம்.

சிங்கப்பூரில் இருக்கிற நம் ஊர்க்காரரிடம் பாஸ்போர்ட் நகல் கேட்டோமாம், அவமானப்படுத்திவிட்டோமாம். இதற்கும் பதில் சொல்கிறேன். அங்கே வேலை பார்க்கிறவர் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஊர்ப் பாசத்தில் வாங்கிப் போட்டால் அறக்கட்டளைக்கே ஆபத்து. கேட்க எங்களுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்டோம்.

இன்னொன்று. மேடையில் பை கொடுத்தீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் பெரும்பாலும் அரசே தருகிறது. இல்லாதது வேறு. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறி, உதவித்தொகைப் பட்டியலில் இடம்பிடித்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருஷத்தில் 48,000. அதற்கு இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி. மனத்திறன் தாளை வகுப்பில் பாடமாக யாரும் நடத்துவதில்லை. மாலையில் உட்கார்ந்து பழைய வினாத்தாள் போட ஓர் ஆள் இருந்தால் ஒரு பிள்ளைக்கு 48,000 வரும். தேறிய பிறகும் ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால் என்றிருந்தால் பணம் சிக்கிக்கொள்ளும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய்தான், ஆனால் அதற்காக ஒரு நாள் கூலியை விட முடியாத அம்மாக்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். கூடப் போய் வரிசையில் நிற்க ஓர் ஆளைப் போடுங்கள்.

வசூலுக்கும் காலம் உண்டு. தை, மாசியில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையப் பணம் கணக்கில் ஏறும்போது கேட்டால் மனசாரக் கொடுப்பார்கள். பம்புசெட் இல்லாத பக்கம் பங்குனி, சித்திரையில் வயல் வேலையே கிடையாது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால்தான் குறுவைக்கு உழவு, அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. கூலிக்காரர் வீட்டில் கையில் காசே இல்லாத மாதம் அது. அந்த மாதத்தில் அந்தப் பிள்ளைகளை மேடையில் ஏற்றி, கையில் பையைக் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னீர்கள். கடைசியில் நின்ற பெண்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வீடியோவில் தெரிகிறது. நாளைக்கு வகுப்பில் அவளை என்ன சொல்வார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? பெயர் இல்லாமல், படம் இல்லாமல் கொடுக்க முடியும். நாங்கள் அப்படித்தான் கொடுக்கிறோம். அதனால்தான் எங்கள் வேலை யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது.

தம்பிகளே, எங்கள் பத்திரத்தின் நகலைத் தருகிறோம், திருத்திய இடங்களையும் காட்டுகிறோம். வாங்கின பணத்துக்கு ஒரு நோட்டில் பெயர், தேதி, தொகை எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அறக்கட்டளைக் கணக்கு திறக்கிற வரைக்கும் புதிதாக ஒரு பைசா வாங்க வேண்டாம். அந்த ஃபிளெக்ஸில் இருக்கிற எண்ணை இன்றைக்கே மறைத்துவிடுங்கள்.