தெரிந்த கதைதான், அதற்கென்ன?

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கதைப் போட்டிப் பரிசளிப்பில் நடந்ததை எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 13 வயதுப் பிள்ளை எழுதிய மாயாஜாலக் கதையை மேடையில் வைத்து, "அநாதைக் குழந்தை, மறைந்திருக்கும் ராஜவம்சம், வழிகாட்டும் கிழவர், எல்லாம் வெள்ளைக்காரன் அரைத்த மாவு" என்றார் நடுவர். கைதட்டவும் செய்தோம்.

தெரிந்த கதையை எழுதுவது குற்றம் இல்லை. அதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆற்றில் விடப்பட்டுத் தேரோட்டி வீட்டில் வளர்ந்த கர்ணன் வெள்ளைக்காரனா? தோட்டத்துக் கோயிலில் நாம் கும்பிடும் மதுரை வீரன் யார்? காசி ராஜாவுக்குப் பிறந்து, கொடி சுற்றிய பிள்ளை ஆகாது என்று காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தவன் என்றுதானே கதை. பாட்டி பால்மரம் சீவிவிட்டு வந்து, மத்தியானம் லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், உட்கார்ந்து அதைச் சொல்லும். கடைசியில் மாறுகால் மாறுகை வாங்குவார்கள் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த இடம் வந்தால் என் தம்பி அழுவான். முடிவு தெரியாமலா அழுதான்?

விளாதிமிர் பிராப் என்ற ஆய்வாளர் ரஷ்ய மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, 31 வகை நிகழ்ச்சிகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்று 1928இலேயே எழுதிவிட்டார். ஆங்கில மாயாஜாலக் கதை எழுத்தாளர் டோல்கியன் 1937இல் வந்த தன் 'தி ஹாபிட்' நாவலில் குள்ளர்களின் பெயர்களையே பழைய நார்ஸ் மொழிப் பாட்டிலிருந்துதான் எடுத்தார். அதற்காக அவரைப் படிப்பாளி என்று மெச்சுகிறோம். தோட்டத்துப் பிள்ளை எடுத்தால் மட்டும் காப்பியா?

"அப்போ புதுமையே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நிறையப் படித்தவர்களுக்குச் சலிக்கும், சரி. கதாநாயகனைத் தயார் பண்ணிவிட்டு உடனே செத்துப்போகும் குரு வந்தால் எனக்கும் பக்கத்தைத் தள்ளத் தோன்றும். அந்தச் சலிப்பு நம்முடையது. முதல் கதை எழுதுகிறவள் அதற்குப் பொறுப்பில்லை.

"ராஜரத்தம் இருந்தால்தான் வீரமா?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. மதுரை வீரனுக்கே அரசப் பிறப்பைப் பின்னால்தான் ஒட்டவைத்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. நடுவர் இதைக் கேட்டிருந்தால் நானே எழுந்து கைதட்டியிருப்பேன். ஆனால் அதைக் கேட்டது அந்தப் பிள்ளை. அவள் கதையில் அரண்மனையிலிருந்து ஆள் வந்து, "நீதான் வாரிசு, புறப்படு" என்கிறான். "லயத்துச் சனம் மொத்தத்துக்கும் அங்கே வீடு இருக்கா?" என்று கேட்கிறாள் நாயகி. இல்லை என்றதும் அவள் போகவில்லை. தோட்டத்தை விற்றாயிற்று, வீட்டைக் காலி பண்ணு என்று நோட்டீஸ் வாங்கிய சனத்தின் பிள்ளைக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். இது எந்த வெள்ளைக்காரன் அரைத்த மாவு?

நம் பிள்ளைகள் தமிழில் எழுதுவதில்லை என்று வருஷா வருஷம் புலம்புகிறோம். ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். நாம் அவளுக்குச் செய்தது இது.

"ஏன் பெரிதாக்குகிறீர்கள், உங்கள் சொந்தக்காரப் பிள்ளையா?" என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். இல்லை. அவள் பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆறுதல் பரிசைக்கூட வாங்காமல் அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன். அந்த நடுவர் அவள் வீட்டுக்குப் போய், கதையின் முடிவைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசும்வரை நான் பெரிதாக்கத்தான் செய்வேன்.