பூட்ஸ் காயவைக்கும் பாடு

பனிச்சறுக்கு பூட்ஸ் உலர்த்தும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விசிறி வைத்தது சீக்கிரம் காயவைக்கும். ஆனால் கனடாவின் பனிச்சறுக்கு ஊரான விஸ்லரில், விடுதியின் ஒற்றை அறையில் அது இரைந்துகொண்டிருந்தால் யார் தூங்குவது? சத்தம் போடாத இளஞ்சூட்டு வகையோ விடிய விடிய எடுத்துக்கொண்டும் பெருவிரல் மூலையை ஈரமாகவே விட்டுவைக்கிறது. சூட்டைக் கூட்டலாமென்றால் உள்ளுறையின் நுரைப்பஞ்சு உருக்குலையும், தோல் கையுறை அப்பளமாய் விறைக்கும். பயணத்துக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். வயரும் அடாப்டருமே பாதிப் பையை அடைத்துவிடுகின்றன. கனடாவின் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததை ஆல்ப்ஸுக்குக் கொண்டுபோகவும் முடியாது, அங்கே 230. இதில் கையுறையை மாட்டிக் காயவைக்கும் குழாய்க்குத் தனி விலையாம்! கை மட்டும் பனியில் நனையாது என்று இவர்களிடம் யார் சொன்னது?